அம்மாவின் முழங்கால் வலிக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். அம்மாவுக்கு 62 வயது. குறுவை, சம்பா என்று ஏறத்தாழ 40 ஆண்டுகள் சேற்றில் குனிந்து நாற்று நட்டவர். நடவு இயந்திரம் வந்தபின் வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டாலும், முழங்கால் வலி அவரை விடவில்லை. காலையில் எழுந்தவுடன் சிறிது நேரம் காலை மடக்க முடிவதில்லை. நாலு எட்டு நடந்தால் இளகிவிடுகிறது. மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாய்க்கால் கரையில் நொச்சியும் எருக்கும் மண்டிக் கிடப்பதால், அவற்றை வைத்து ஒத்தடம் கொடுக்கும்படி பக்கத்து வீட்டு அத்தை சொல்கிறார். செய்முறை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். அம்மாவுக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு.

குடமுருட்டி:
நொச்சி இலையைக் காம்பு நீக்கி இரண்டு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இலை வதங்கி மணம் எழும்வரை சிறு தீயில் புரட்டி, பழைய பருத்தி வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். இரண்டு முடிச்சுகள் இருந்தால் ஒன்று ஆறும்போது மற்றொன்றைச் சட்டியில் சூடாக்கிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒரு பிடி கல்லுப்பையும் சேர்ப்பார்கள். உப்பு சூட்டை நெடுநேரம் தாங்கும். நெல் தவிட்டை வறுத்துக் கட்டினாலும் அதே பலன்தான், தவிட்டுக்கு நம் பக்கத்தில் பஞ்சமா? முட்டியைச் சுற்றிலும் 10 அல்லது 15 நிமிடம், அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுத்தால் போதும். வலியைக் குறைப்பது இலையா, சூடா என்று என்னைக் கேட்டால், பாதிக்கு மேல் சூடுதான் என்பேன். இறுகிய தசை சூட்டில் தளர்கிறது. ஆனால் அந்த மணம் இல்லாமல் ஒத்தடம் கொடுத்தால் என் பாட்டி அதை ஒத்தடமாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்.

மருதநிலத்தாள்:
நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். மேலே சொன்ன முறையில் தவறில்லை, ஆனால் கேள்வியின் கடைசி வரியை யாரும் கவனிக்கவில்லை. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். சூடு அதிகம் என்று அவர்களுக்குத் தெரியாது, கொப்புளம் வந்தபிறகுதான் நமக்கே தெரியும், அந்தப் புண் எளிதில் ஆறவும் ஆறாது. ஆகவே முடிச்சின் சூட்டை ஒவ்வொரு முறையும் உங்கள் முன்கையில் வைத்துப் பாருங்கள். பாதத்துக்கு ஒத்தடமே வேண்டாம். எருக்கை விட்டுவிடுங்கள். அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெருந்தொல்லை. வலித் தைலம் தடவிய இடத்தில் ஒத்தடமும் கொடுத்தால் தோல் வெந்துவிடக்கூடும். ஒரு வேளைக்கு இரண்டில் ஒன்று போதும். மூட்டுத் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் டைக்ளோஃபெனாக் களிம்பு வயிற்றை மாத்திரை அளவுக்குப் பாதிப்பதில்லை என்பதால் அதையும் கேட்டுப் பாருங்கள். முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தாலோ, ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையோடு வீங்கினாலோ எதையும் தேய்க்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அரசலாறு:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கிக் கணுக்கால் பிசகியது. அன்றிரவே வீட்டில் சுடச்சுட உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். விடிவதற்குள் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. புதிய சுளுக்குக்கு முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய பனிக்கட்டிதான் என்று பிறகு மருத்துவர் கடிந்துகொண்டார். சூடு பழைய வலிக்கு. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கலப்பவர்கள் எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே போடவும், இல்லையென்றால் தீப்பற்றும். அந்தப் புட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறிதளவு கற்பூரம் உள்ளே போனாலும் அவர்களுக்கு வலிப்பு வரலாம்.

வெண்ணாற்றங்கரை:
அனைவருக்கும் நன்றி. மருதநிலத்தாள் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தின் அடியில் ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். வலது கட்டைவிரலில் தொட்டது அவருக்குத் தெரியவேயில்லை. ஒத்தடத்தைத் தள்ளிவைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பாதத்தைக் காட்டுவதற்காக அழைத்துப் போகிறேன். பறித்து வைத்த நொச்சியை அத்தை தம் இடுப்புக்கு எடுத்துக்கொண்டார்.