சென்னை காலேஜ்ல சேர்த்த பொண்ணு தினமும் போன்ல அழுவுறா, கூட்டிட்டு வந்துரவா?

காரைக்குடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மூத்தவ பிளஸ் டூ வரைக்கும் இங்க கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், கணக்குல நல்ல மார்க்கு. சென்னைல ஒரு கவர்மெண்ட் காலேஜ்ல பி.எஸ்சி மேத்ஸ் கெடச்சுச்சு, ஹாஸ்டலும் கெடச்சுச்சு, தெருவே வந்து வழியனுப்பி வச்சுச்சு. மூணு வாரம் ஆகுது. மொத வாரம் நல்லாத்தான் பேசுனா, இப்ப ராத்திரி ஒம்பது மணிக்கு போன் வரும், எடுத்தா மூக்க உறிஞ்சுற சத்தம் மட்டும்தான். சாப்ட்டியான்னா ம்ம், என்னாடின்னா ஒண்ணுமில்லம்மா. நேத்து "நான் வந்துர்றேன், இங்கனயே காலேஜ்ல சேந்துக்கிறேன்"னு சொல்லிட்டா. அவ அப்பா டிக்கெட் போடவான்னு நிக்கிறாரு, மாமியார் வேற "பொம்பளப்புள்ளய அம்புட்டு தூரம் அனுப்பாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்"னு ஆரம்பிச்சுட்டாங்க. போன ரெண்டு வெள்ளிக்கிழமையும் இங்க வந்துட்டுத்தான் போனா, திரும்ப கிளம்புறப்ப ஒவ்வொரு தடவையும் இன்னும் மோசமாத்தான் ஆகுது. எனக்கு படிப்ப நிறுத்த மனசில்ல, ஆனா புள்ள அழுகுறத கேட்டுக்கிட்டு எப்படி இருக்குறது? இத தாண்டி வந்தவுங்க சொல்லுங்க.

சாக்பீஸ்:
வணக்கம்மா. நான் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல கணக்கு எடுக்குறேன், வருஷா வருஷம் ஜூலைல இதே கதைதான். உங்க பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, கிளாஸ்ல நடத்துறது புரியுதான்னு. தமிழ் மீடியத்துல நல்லா படிச்ச புள்ளைங்க மொத மாசம் ஊமையா உக்காந்திருக்கும், கணக்கு தெரியாம இல்ல, பேரு தெரியாம. சார்புன்னு சொன்னா டக்குன்னு படம் வரைஞ்சு காட்டும், ஃபங்ஷன்னு சொன்னா கல்யாண வீடுதான் ஞாபகத்துக்கு வரும். அணிக்கோவைதான் டிடெர்மினண்ட், வகைக்கெழுதான் டெரிவேட்டிவ், இத உக்காந்து சொல்லித்தர அந்த கிளாஸ்ல ஆள் இருக்காது, எங்களுக்கும் போர்ஷன் முடிக்கிற அவசரம். தப்பு எங்க மேலயும் இருக்கு.

இதுக்கு வழி ரொம்ப சுலபம். பாடநூல் கழகத்தோட பதினொண்ணு, பன்னெண்டு கணக்கு புத்தகம் ரெண்டு மீடியத்துலயும் பிடிஎஃப்பா இலவசமா கெடைக்குது. ரெண்டுலயும் அதே பாடம்தான், அதே வரிசைல வரும். தமிழ் புக்க இடது பக்கம், இங்கிலீஷ் புக்க வலது பக்கம் தொறந்து வச்சு, தனக்கு ஏற்கனவே தெரிஞ்ச கணக்கையே இங்கிலீஷ்ல ஒரு தடவ படிக்கச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு பத்து வார்த்த நோட்டு பின்னாடி பென்சில்ல எழுதுனா போதும். டிக்‌ஷ்னரி வாங்கிக் குடுக்காதீங்க, அதுல 'அணி'ய தேடுனா நகை வரும்.

அப்புறம் வெள்ளிக்கிழம ஊருக்கு வர்றத நிறுத்துங்கம்மா. பல்லவன் ரயில் எழும்பூர்ல மத்தியானத்துக்கு மேல கிளம்பும், அத புடிக்கணும்னா வெள்ளிக்கிழம கிளாஸ கட் அடிக்கணும், திங்கக்கிழம காலைல காரைக்குடியில ஏறுனா வந்து சேர்றதுக்குள்ள அரை நாள் போச்சு. 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லன்னா பரீட்சைக்கே சிக்கல். அதவிட, வாராவாரம் கிளம்புற புள்ளைக்கு ஹாஸ்டல் கடைசி வரைக்கும் ரயில்வே வெயிட்டிங் ரூம் மாதிரிதான் இருக்கும்.

அறந்தாங்கி டு எழும்பூர்:
அக்கா, நானும் அப்படி அழுதவன்தான், என்ன, மொட்டமாடில போயி அழுதேன், ஆம்பளப்புள்ள பாருங்க. எனக்கு பாதி பிரச்சன பசி. ஹாஸ்டல்ல ஏழரைக்கே சாப்பாடு, பதினோரு மணிக்கு வயிறு கத்தும், அப்ப வீட்டு ஞாபகம் வரும் பாருங்க, அது வேற லெவல். பொரிகடலை, வெல்லம், அம்மா இடிச்ச பருப்புப்பொடி இருந்தா பாதி அழுக நின்னுரும், நெசமா சொல்றேன். தண்ணி மாறுனதால முடி கொட்டுதுன்னும் பயந்துக்குவாங்க, முன்னாடியே தைரியம் சொல்லி வைங்க.

ஞாயித்துக்கிழம ரூம்ல கெடக்க விடாதீங்க, அன்னைக்குத்தான் ரொம்ப கொல்லும். பறக்கும் ரயில்ல ஏறி கோட்டூர்புரத்துல இறங்குனா நடக்குற தூரத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம், நம்ம சொந்த புக்க எடுத்துட்டு போயி உக்காந்து படிக்கிறதுக்கே தனியா இடம் இருக்கு, ஏசி, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நான் அங்க மொதல்ல போனது தூங்கத்தான், அத விடுங்க. பொண்ணுங்களுக்கு 2021லேர்ந்து சாதா பஸ்ல டிக்கெட்டுக்கு காசே இல்ல, வழி தப்பிப் போனாலும் காசு போகாதுல்ல, தப்பிப் போயே ஊர கத்துக்கட்டும்.

இன்னொண்ணு, ஆறாவதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிர ரூவா அவ அக்கவுண்டுக்கே வரும், காலேஜ் மூலமாவே பதியணும், ஆதார் லிங்க் ஆயிருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. அந்த ஆயிரத்துக்கு கணக்கு கேக்காதீங்க அக்கா, ப்ளீஸ்.

ரெண்டு பசங்க அப்பா:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா எல்லா அழுகையும் வீட்டு ஞாபகம்னு முடிவு பண்ணிராதீங்க. என் பெரியவன் இப்படித்தான் "ஒண்ணுமில்லப்பா"ன்னு ரெண்டு மாசம் சொன்னான், நானும் அட்ஜஸ்ட் பண்ணிக்கடா, நாங்கல்லாம் அந்தக் காலத்துல அப்படின்னு வசனம் பேசுனேன். லீவுக்கு வந்தப்ப கழுத்துல பார்த்தா சிகரெட் சூடு. சீனியர் பசங்க. இன்னைக்கு வரைக்கும் என்னைய நானே மன்னிக்கல. அதனால ஒரு தடவ நேராவே கேளுங்க, யாராச்சும் எதாச்சும் பண்றாங்களான்னு, அவ ரூம்ல தனியா இருக்குறப்ப கேளுங்க. அப்படி இருந்தா தமிழ்நாட்டுல 1997லயே ராகிங்குக்கு தனி சட்டம் வந்தாச்சு, யுஜிசி ஹெல்ப்லைன் 1800-180-5522 எந்நேரமும் எடுப்பாங்க. ராகிங் இல்ல, ஆனா தூக்கமே இல்ல, சாப்பாடே எறங்கலன்னா 14416, டெலி மானஸ்னு மனசு கஷ்டத்துக்கு கவர்மெண்ட் நடத்துற ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது. அதெல்லாம் எதுவும் இல்லன்னா சாக்பீஸ் சார் சொல்றதுதான் சரி, ஊருக்கு கூப்டாதீங்க.

காரைக்குடி அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே, உங்க பதிலப் படிச்சுட்டு கை நடுங்கிப் போச்சு, உடனே போன் போட்டு கேட்டேன். ராகிங்லாம் இல்லன்னு சத்தியம் பண்றா. விஷயம் என்னன்னா கிளாஸ்ல அவங்கவங்கள பத்தி இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லிருக்காங்க, இவ பேரச் சொல்லி, ஊரச் சொல்லி, அதுக்கு மேல வரல, பின் பெஞ்சுல யாரோ சிரிச்சுருக்காளுக. அன்னைலேர்ந்து வாயே தொறக்கலயாம், தெரிஞ்ச கணக்குக்குக்கூட கை தூக்கலயாம். இத சொல்ல மூணு வாரம்.

சின்னவன் ரெண்டு புக்கையும் டவுன்லோடு பண்ணி அக்காவுக்கு அனுப்பிட்டான். பத்து நிமிஷத்துல "அம்மா மேட்ரிக்ஸ்னா நம்ம அணிதாம்மா"ன்னு மெசேஜ் வருது, எனக்கு ரெண்டும் தெரியாது, சரி சரின்னு போட்டேன். அவ அப்பா டிசி வாங்குற பேச்ச தீபாவளி வரைக்கும் தள்ளி வச்சுருக்காரு. இந்த வாரம் வரலன்னு அவளே சொல்லிட்டா, அதுக்கு பதிலா மாங்கா ஊறுகா ரெண்டு பாட்டில் வேணுமாம், ஒண்ணு ரூம்ல இருக்க ஓசூர் பொண்ணுக்கு. இங்க கூரியர்ல எண்ணெ சாமான் வாங்க மாட்டேங்குறாங்க, எப்படி அனுப்புறது?

அறந்தாங்கி டு எழும்பூர்:
கண்ணாடி பாட்டில் வேணாம் அக்கா. பிளாஸ்டிக் டப்பால போட்டு, வாய்க்கு ஒரு கவர் வச்சு மூடிய திருகி, மேல செல்லோடேப் ரெண்டு சுத்து சுத்துங்க. ஆம்னி பஸ் ஆபீஸ்ல பார்சலா போட்டா காலைல போயிரும், அவ ஆதார் எடுத்துட்டு போயி வாங்கிக்கட்டும். எண்ணெய மட்டும் கொஞ்சம் கம்மியா ஊத்துங்க, எங்கம்மா அனுப்புனதுல என் ரெக்கார்டு நோட்டு பூராம் சொட்டிருச்சு.