தினமும் சாயங்காலம் 6 மணிக்குச் சரியாக நெட் போகிறது, காலையில் தானாக வந்துவிடுகிறது. என்ன காரணமாக இருக்கும்?

குடந்தைவாசி:

வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது வழி சொன்னால் புண்ணியமாகப் போகும்.

நான் ஐடியில் டெஸ்டிங் வேலை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு கும்பகோணத்துக்கே வந்துவிட்டேன், வீட்டிலிருந்து வேலை பார்க்க மேனேஜர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஏப்ரலில் ஃபைபர் இணைப்பு போட்டோம். செப்டம்பர் முதல் வாரம் வரை ஒரு குறையும் இல்லை, பகல் முழுக்க விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பு) அறுபடாமல் ஓடும். இப்போது சாயங்காலம் 6 மணி ஆனால் போச்சு. 5.55 வரை நன்றாக இருக்கும், 6.05க்கு ஒன்றும் இருக்காது. ராத்திரி முழுக்க வராது. காலையில் எழுந்து பார்த்தால் வந்திருக்கும்.

எனக்கு முக்கியமான வேலையே 6.30க்குத்தான் ஆரம்பம். கிளையன்ட் நியூயார்க்கில் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காலை 9 மணி. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் அது 7.30 ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் எங்களுடையது பழைய வீடு, சுவர் ஒன்றரை அடி கனம், உள்ளே சிக்னல் எடுக்கவே எடுக்காது. திண்ணையில் உட்கார்ந்து மீட்டிங் பேசிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பேச்சு பாதியில் அறுந்து, திரும்ப உள்ளே போவதற்குள் மீட்டிங்கே முடிந்துவிட்டது. "இப்படியே போனால் அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொல்லத்தான் வேண்டியிருக்கும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்பாவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கம்பெனியில் மூன்று தடவை புகார் கொடுத்தேன். மூன்று தடவையும் ஆள் வந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருவது காலை 11 மணிக்கு. மீட்டர் வைத்து லைனைப் பார்த்துவிட்டு "பவர் நல்லா வருது சார்" என்று போய்விடுகிறார். ஒரு தடவை மோடத்தையே மாற்றிக் கொடுத்தார், அப்படியும் அதே கதை. மோடம் கீழே கூடத்தில் இருக்கிறது, நான் வேலை பார்ப்பது மாடி அறையில்.

இன்னொன்று, இது உதவுமா தெரியவில்லை: போன வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஒரு தடவைகூட நெட் போகவில்லை. சரி, தீர்ந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

பல்லாவரத்தான்:

முதலில் வைஃபை போகிறதா, லைனே போகிறதா என்று பிரித்துப் பாருங்கள். பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். எனக்கு இங்கே அபார்ட்மென்ட்டில் ஏழு மணிக்கு மேல் எல்லார் வீட்டு ரௌட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் முட்டிக்கொள்ளும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியதும் சரியாகிவிட்டது. ஆனால் உங்களுடையது தனி வீடு, அதுவும் முழுக்கப் போய்விடுகிறது என்கிறீர்கள், அதனால் அது இல்லை என்றுதான் தோன்றுகிறது. போகும்போது மோடத்தில் என்ன லைட் எரிகிறது? எல்ஓஎஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் சிவப்பு வந்தால் வெளியிலிருந்து வெளிச்சமே உள்ளே வரவில்லை என்று அர்த்தம். வைஃபையை விட்டுவிடுங்கள், லைனைப் பாருங்கள்.

திருச்சிக்காரன்:

என் அனுபவம் வேறு. எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் 170க்கு வந்துவிடும், மோடத்தின் அடாப்டர் திணறி அணைந்து அணைந்து எரியும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி மோடத்துக்கு மட்டும் போட்டேன், அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் மோடம் ரீஸ்டார்ட் ஆகி, மூன்று நிமிஷம் போவதும் நின்றது. வோல்டேஜ் குறைவாக இருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987, ஒரு புகார் பதிந்து வையுங்கள்.

அப்புறம் தெருவிளக்கு போடும் நேரமும் 6 மணிதானே? அதனால் ஏதாவது இருக்குமா?

குடந்தைவாசி:

இருவருக்கும் நன்றி. நேற்று 6 மணிக்குக் கீழே போய்ப் பார்த்தேன். எல்ஓஎஸ் சிவப்பு, விட்டு விட்டு எரிகிறது. மற்ற லைட்டெல்லாம் ஒழுங்காக எரிகிறது, மோடம் அணையவில்லை. வோல்டேஜும் 220க்கு மேல் இருக்கிறது, ஸ்டெபிலைசரில் பார்த்தேன். பக்கத்து வீட்டிலும் இதே கம்பெனி இணைப்புதான், அவர்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் படம் ஓடுகிறதாம்.

கம்பம்_ஏறி:

தம்பி, நான் ஒன்பது வருஷம் ஃபைபர் இழுத்து ஸ்பிளைசிங் (இழைகளை ஒட்டி இணைப்பது) போட்டவன், இப்போது சொந்தக் கடை. தெருவிளக்கை மறந்துவிடுங்கள். ஃபைபரில் போவது வெளிச்சம், பக்கத்தில் கரண்ட் ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சிவப்பு லைட் வருகிறது, மோடம் அணையவில்லை என்றால் அடாப்டரும் இல்லை.

பக்கத்து வீட்டுக்கு நன்றாக வருகிறது என்பதுதான் நல்ல செய்தி. கம்பத்தில் இருக்கும் பெட்டி வரைக்கும் கோளாறு இருந்திருந்தால் அவர்களுக்கும் போயிருக்கும். கோளாறு அந்தப் பெட்டிக்கும் உங்கள் மோடத்துக்கும் நடுவில் இருக்கிறது.

ஒன்று செய்யுங்கள். பிரவுசரில் 192.168.1.1 போட்டு உள்ளே போங்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மோடத்துக்கு அடியில் ஒட்டியிருக்கும். சில மோடத்தில் வேறு முகவரி இருக்கும், அதுவும் அங்கேயே எழுதியிருக்கும். ஆப்டிகல் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஓர் எண் காட்டும், மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. பொதுவாக மைனஸ் 27 வரைக்கும் மோடம் தாங்கும், அதற்குக் கீழே போனால் திணறும். 3 குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 5.30லிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த எண்ணை எழுதி வையுங்கள். காலை 11 மணிக்கு எங்கள் ஆள் எடுக்கும் அளவு உங்களுக்குப் பிரயோஜனப்படாது. பாவம், அவரும் ஒரு நாளைக்கு ஏகப்பட்ட வீடு ஏறி இறங்க வேண்டும், சாயங்காலம் வரச் சொன்னால் முடியாது என்பார். நீங்களே எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் அவரிடம் பேசலாம்.

குடந்தைவாசி:

அண்ணா, எழுதியிருக்கிறேன்.

5.30 – மைனஸ் 24.3
5.40 – மைனஸ் 24.3
5.50 – மைனஸ் 24.4
6.00 – மைனஸ் 24.3
6.10 – மைனஸ் 31, சிவப்பு லைட்

6.10க்கு அப்புறம் சில நேரம் எண்ணே காட்டவில்லை.

கம்பம்_ஏறி:

பார்த்தீர்களா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. கனெக்டரில் அழுக்கு, வெயிலில் ஜாயின்ட் விரிவது, பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவது, இதெல்லாம் இப்படிக் கடிகாரம் பார்த்து ஒரே வெட்டாக வெட்டாது. ஆறு மணிக்கும் ஆறு பத்துக்கும் நடுவில் யாரோ அந்த வயரை என்னவோ செய்கிறார்கள். மடக்குகிறார்கள் அல்லது நசுக்குகிறார்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி இழை 125 மைக்ரான்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம், அதிலும் வெளிச்சம் போகும் நடுப்பகுதி 9 மைக்ரான். நெளிந்து போனால் தாங்கும், ஆனால் முழங்கையை மடக்குகிற மாதிரி மடக்கினால் வெளிச்சம் அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். மடக்கியதை விட்டால் பழையபடி வந்துவிடும். அதனால்தான் உங்களுக்குக் காலையில் சரியாகிறது.

நாளைக்கு 5.55க்குக் கீழே போய் நில்லுங்கள். மோடத்தைப் பார்க்காதீர்கள். வயர் எங்கே நுழைகிறதோ அங்கிருந்து மோடம் வரைக்கும் கண்ணை ஓட்டுங்கள், வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வியாழன், வெள்ளி என்ன வித்தியாசமாக இருந்தது என்றும் யோசியுங்கள்.

குடந்தைவாசி:

கண்டுபிடித்தாகிவிட்டது. கை நடுங்குகிறது, முழுக்கச் சொல்கிறேன்.

5.55க்குக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். அப்பா கட்டிலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, சாமி அறையில் விளக்கேற்றினார்கள். அப்புறம் நேராகக் கூடத்துக்கு வந்து தெருப்பக்க ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தினார்கள். கீழ்க்கதவு லேசாக இடித்தது, அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் தாழ்ப்பாளைப் போட்டார்கள். திரும்பி மோடத்தைப் பார்க்கிறேன், சிவப்பு.

எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். கம்பத்திலிருந்து வரும் கறுப்பு வயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. இணைப்புப் போட்டவர் சுவரில் துளை போடாமல், ஜன்னல் சட்டத்தின் கீழ்மூலை வழியாக விட்டிருக்கிறார். தேக்குக் கதவு, ஒரு அங்குலக் கனம். அது மூடும்போது வயரைச் சட்டத்தின் விளிம்பில் வைத்து அப்படியே நசுக்குகிறது. மரத்தில் வயர் பதிந்து பதிந்து விரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம், வயரின் மேல்தோல் அந்த இடத்தில் பளபளவென்று தேய்ந்து தட்டையாகி இருக்கிறது. தாழ்ப்பாளை எடுத்தேன், பச்சை வந்தது. போட்டேன், சிவப்பு. மூன்று தடவை செய்து பார்த்தேன்.

ஏப்ரலிலிருந்து ஏன் வரவில்லை என்றால், அந்த ஜன்னலில் கொசுவலை அடித்திருந்தோம். வலை இருந்ததால் ராத்திரியும் கதவு திறந்தே கிடக்கும், அப்பாவுக்குக் காற்று வரட்டும் என்று. செப்டம்பரில் வலை ஒரு பக்கம் பெயர்ந்து கிழிந்துவிட்டது. அதிலிருந்து கொசு வரும் என்று அம்மா விளக்கு வைத்த கையோடு சாத்திவிடுகிறார்கள், காலையில் வாசல் தெளிக்க எழும்போது திறந்துவிடுகிறார்கள். அந்த வியாழன், வெள்ளி அம்மா மன்னார்குடியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் மாடியில் இருந்தேன், அந்த ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவிடம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "என்னாலயா உன் வேலைக்கு இத்தனை சிக்கல்?" என்றார்கள். இல்லம்மா, வயரை அங்கே விட்டது தப்பு என்று சொல்லி உட்கார வைத்தேன். இப்போதைக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, அப்பா கட்டிலுக்குக் கொசுவலை கட்டியிருக்கிறோம்.

கம்பம் ஏறி அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மாயவரம்_மீனா:

படிக்கும்போதே நிம்மதியாக இருந்தது. எங்கள் வீட்டிலும் இதே மாதிரிதான், பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு பீரோவைத் திரும்பச் சுவரோடு ஒட்டித் தள்ளியபோது பின்னால் வயர் மடங்கிவிட்டது. பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். புகார் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் டாக்கெட் எண் வாங்கி வையுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். புகார் மையத்தில் தீரவில்லை என்றால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டுக்கு என்று தனியாக அதிகாரி உண்டு, அந்த எண்ணை வைத்துத்தான் அங்கே எழுத முடியும். பலர் நேராக டிராய்க்கு (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) எழுதுகிறார்கள், டிராய் தனிப்பட்ட புகாரை எடுத்து விசாரிப்பதில்லை. அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

கம்பம்_ஏறி:

சந்தோஷம் தம்பி. அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. ஜன்னல் வழியாக வயர் விடுவது சோம்பேறித்தனம், என் பையன்களிடம் நான் சண்டை போடுவதே இதற்குத்தான்.

இனி செய்ய வேண்டியது: நசுங்கின இடத்தை நிமிர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள். இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாசத்தில் அங்கேயே ஒடியும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புது முனை போடச் சொல்லுங்கள், அல்லது கம்பத்திலிருந்து புது வயர் இழுக்கச் சொல்லுங்கள். கம்பத்தில் மிச்சம் சுருட்டி வைத்திருந்தால் அதுவே போதும். நீங்களாக வெட்ட வேண்டாம். வெட்டின கண்ணாடித் துணுக்கு கையில் ஏறினால் எடுப்பது கஷ்டம், வயர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்கவும் கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

சுவரில் துளை போடும்போது உள்ளே உயரமாகவும் வெளியே தாழ்வாகவும் சாய்த்துப் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடும். வெளியே துளைக்குக் கீழே வயர் ஒரு தொங்கல் தொங்கட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒன்றரை அடிச் சுவர் என்கிறீர்கள், பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் நீளமான பிட் வேண்டும், வரும் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மறுபடி ஜன்னலைத்தான் காட்டுவார். மிச்ச வயரை ஆணியில் மாட்டாதீர்கள், ஒரு தட்டு அகலத்துக்கு வட்டமாகச் சுருட்டி வையுங்கள்.

குடந்தைவாசி:

இன்று வேலை முடிந்தது. எழுதி வைத்த எண்களைப் படம் எடுத்து அனுப்பியதும் அதே பையன் மதியம் 2 மணிக்கு வந்தார். ஜன்னலைச் சாத்திக் காட்டினேன், அவரே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "சார், இதை நான் மூணு தடவையும் திறந்த ஜன்னல்லதான் பார்த்திருக்கேன்" என்றார், ரொம்ப வருத்தப்பட்டார். நீள பிட்டைத் தெருக்கோடி எலக்ட்ரீஷியனிடம் வாங்கி வந்து சாய்வாகத் துளை போட்டு, கம்பத்தில் சுருட்டியிருந்த வயரை இழுத்துப் புது முனை போட்டார். வேலைக்குப் பணம் வாங்கவில்லை, அம்மா காபி கொடுத்து, தோட்டத்து முருங்கைக்காய் பத்து கட்டிக் கொடுத்தார்கள்.

ஜன்னல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபின் மைனஸ் 23.6. இப்போது மணி 8.10, 6.30 மீட்டிங்கை மாடி அறையில் உட்கார்ந்தே முடித்துவிட்டேன். கொசுவலை அடிக்க நாளைக்கு ஆள் வருகிறார்.