'மார்க்ட்' சந்தை நகரமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஜெர்மானியச் சந்தை ஊர்களின் வரலாற்றுச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த உரையாடலில், 'மார்க்ட்' எனப்படும் ஊர்களுக்குச் 'சந்தை நகரம்' என்று முன்வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'மார்க்கெட் டவுன்' வழியாக வந்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த ஊர்களின் அடையாளமே அவை நகரம் இல்லை என்பதுதான். கிராமத்துக்கு மேலே, 'ஷ்டாட்' எனும் நகரத்துக்குக் கீழே ஒரு படி. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இன்றும் அது சட்டப்படியான தகுதி. 1936-இல் குளிர்கால ஒலிம்பிக் நடத்திய கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன்கூட இன்றுவரை மார்க்ட்தான். ஓபர்டோர்ஃப் என்ற ஊர் 1453-இல் மார்க்ட் ஆனது; நகரத் தகுதி வந்தது 1953-இல். நகரமான பிறகும் அதன் பெயர் மார்க்டோபர்டோர்ஃப்! இதை 'சந்தை நகரம் நகரமாக உயர்ந்தது' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புதான் வரும்.

என் பரிந்துரை சந்தைப்பேரூர். ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி என்ற வரிசை நமக்குப் பழகியது என்பதால் படி தானாகவே விளங்கிவிடும். ஆஸ்திரியாவில் மார்க்ட் தகுதி பெற்ற உள்ளாட்சியான 'மார்க்ட்கெமைண்டே'வைச் சந்தைப் பேரூராட்சி எனலாம். சந்தைப்பேட்டையையும் யோசித்தேன். அது ஊருக்குள் சந்தை கூடும் இடம், ஊருக்கே ஆகாது.

அப்புறம் 'மார்க்ட்ரெஷ்ட்'. இதில்தான் சிக்கல். 'ரெஷ்ட்' என்றால் உரிமையும் உண்டு, சட்டமும் உண்டு. 999-இல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ, கோமான் பெர்ட்ஹோல்டுக்கு வில்லிங்கனில் சந்தை கூட்டவும் நாணயம் அடிக்கவும் சுங்கம் வாங்கவும் அனுமதி தந்தார். அது சந்தை உரிமை, சந்தேகமே இல்லை. 1120-இல் ஃபிரைபுர்கில் சந்தை நிறுவியபோது சேரிங்கன் குலத்துக் கொன்ராட் செய்தது வேறு. வணிகர்களுக்கு 100 அடி நீளம், 50 அடி அகலத்தில் மனை. மனைக்கு ஆண்டு வாடகை ஒரு ஷில்லிங். வழக்கு வந்தால் அவர் தன் விருப்பப்படி தீர்க்க மாட்டார். வணிகர் வழக்கப்படி, குறிப்பாகக் கொலோன் வணிகரின் வழக்கப்படி தீர்ப்பு. இதைச் சந்தை உரிமை என்றால் பாதிதான் வருகிறது. இங்கே சந்தைச் சட்டம் என்றே போடலாம். ஒரே ஜெர்மன் சொல்லுக்கு இடம் பார்த்து இரண்டு தமிழ்ச் சொற்கள் இருப்பதில் தவறில்லை. அனுமதி எழுதிய ஆவணத்துக்குப் பட்டயம் இருக்கவே இருக்கிறது.

சந்தையிலும் பாலத்திலும் வணிகர்களிடம் வாங்கிய வரியான 'ட்சோல்' என்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், சுங்கம் போதும். நம் வாரச்சந்தையில் கடை போடுபவரிடம் வாங்குவதும் சுங்கம்தானே. மியூனிக் கதையே சுங்கக் கதைதான். பவேரியாவை ஆண்ட கோமகன் சிங்க ஹைன்ரிஷ், ஃபோரிங் என்ற இடத்தில் ஃப்ரைஸிங் ஆயருக்கு (பிஷப்) இருந்த பாலத்தை உடைத்து, அவருக்குச் சுங்கம் தந்துகொண்டிருந்த உப்பு வணிகத்தைத் தன் மியூனிக் பக்கம் திருப்பிக்கொண்டார். 1158-இல் பேரரசர் பார்பரோஸா பஞ்சாயத்து செய்தார். சந்தை மியூனிக்கிலேயே இருக்கட்டும், சுங்கத்திலும் நாணய வருவாயிலும் மூன்றில் ஒரு பங்கு ஃப்ரைஸிங் ஆயருக்கு என்று முடித்தார்.

'மார்க்ட்ஃப்ரீடன்' என்பதற்கு முன்வைத்த சந்தை அமைதி எனக்கு ஒப்பவில்லை. சந்தையில் ஏது அமைதி? வந்துபோகிறவர்மேல் கை வைக்கக்கூடாது என்று ஆட்சியாளர் தந்த பாதுகாப்பு அது. சந்தைக் காப்பு போதும்.

மிச்சம் 'பான்மைலே'. ஊரைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் வேறு எவரும் போட்டிக்குச் சந்தை கூட்டவோ தொழில் நடத்தவோ கூடாது என்பது இதன் பொருள். சொல்லுக்குச் சொல் 'தடை மைல்' என்றால் மைல்கல் போல ஒலிக்கிறது. விலக்கெல்லை என்று இப்போதைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.