வட்டுகளை ஒன்றாகச் சேர்த்தவர்கள் வந்து கதை சொல்லுங்கள்

சிப்புட் படக்கடை:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் அப்பா விட்டுப்போன புகைப்படக் கடையை நடத்துகிறேன். பின்னறையில் ஒரு பழைய கணினிக்கு லினக்ஸ் இயங்குதளம் போட்டு சர்வராக ஓட்டிவந்தேன். அதில் வெறும் கல்யாணப் படங்கள் இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடிக்கும் முன் எடுத்த வீடியோக்கள் இருந்தன. ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பதைத் தடுக்க 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அந்தக் காலத்திலேயே சேர்ந்த பெரியவர்களின் பேட்டிகளும் அதில்தான் இருந்தன.

கோப்புகளைச் சேமிக்கும் வட்டுகள் நான்கு: 500 ஜிபி ஒன்று, 1 டிபி ஒன்று, 2 டிபி இரண்டு. எந்தப் பேட்டி எந்த வட்டில் என்று தேடி அலுத்துப்போய், இருந்ததையெல்லாம் இரவல் வட்டுகளுக்கு மாற்றிவிட்டு, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் எல்விஎம் என்ற லினக்ஸ் வசதி கொண்டு நான்கையும் ஒன்றாக்கினேன். 5.5 டிபிக்கு ஒரே தொகுதி. வருகிறவர்களிடமெல்லாம் அதைத் திறந்து காட்டினேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

எல்விஎம் ஒவ்வொரு வட்டையும் சிறு துண்டுகளாகப் பார்க்கும்; வழக்கமான அளவு 4 எம்பி. எல்லாத் துண்டுகளையும் ஒரே குழுவில் கொட்டி, அதிலிருந்து நாம் கேட்கும் அளவுக்குத் தொகுதி கட்டித் தரும். மேலே இருந்து கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமைக்கு அடியில் எத்தனை வட்டு என்பதே தெரியாது. ரப்பர்ப் பாலைப் பால் ஸ்டோர் தொட்டியில் ஊற்றிய பிறகு எது யார் வாளிப் பால் என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு வாளிப் பால் கெட்டிருந்தால் என்ன ஆகும் என்றுதான் நான் யோசிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் இடி இடித்துக் கரண்டு போனது. திரும்ப வந்தபோது 1 டிபி வட்டைக் காணவில்லை. குழுவில் ஓர் உறுப்பு குறைகிறது என்று சொல்லி எல்விஎம் மொத்தத் தொகுதியையும் திறக்க மறுத்தது. அரைகுறையாகவாவது திறக்கச் சொல்லும் வழி ஒன்று உண்டு. படிக்க மட்டும் என்று வைத்து அப்படித் திறந்தேன். கோப்புப் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒரு பாட்டியின் பேட்டியை ஓட்டினேன். பதினோராவது நிமிடத்தில் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். தோட்டத் துண்டாடலை எதிர்த்துச் சங்கத்தில் சேர்ந்தவருடைய பேச்சை நான் துண்டுதுண்டாக்கி வைத்திருந்தேன்!

பிறகு பார்த்தால், வட்டில் படிக்க முடியாத பகுதிகள் கூடிக்கொண்டே போகின்றன என்று சர்வர் இரண்டு மாதமாக எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. எல்லாம் சர்வர் நிர்வாகிக்கான ரூட் கணக்கின் அஞ்சல்பெட்டியில் கிடந்தன. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

வேறொரு கணினியில் மாட்டியபோது வட்டு தலைகாட்டியது. டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு புது வட்டுக்கு அச்சு அசலாக நகலெடுத்தேன். எளிதாக வருவதை அது முதலில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று குறித்து வைத்துக்கொள்வதால் நிறுத்தி நிறுத்தித் தொடரலாம். எனக்கு நான்கு நாள் ஆனது. வட்டின் அடையாள எண்ணும் சேர்ந்தே நகலாவதால் எல்விஎம் புதியதைப் பழையதாகவே ஏற்றுக்கொண்டது. பழையதை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு இருந்தால் குழம்பிப்போகும். ஏறக்குறைய எல்லாம் மீண்டன. பாட்டியின் பதினோராவது நிமிடம் மட்டும் வரவில்லை.

வயர்மேன்:
அண்ணே, என் கதை சின்னது. யுஎஸ்பி வட்டு இரண்டைச் சேர்த்து ஒரே தொகுதியாக்கினேன். எலி கேபிளைக் கடித்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. 12 வெள்ளிக்கு வேறு கேபிள் வாங்கி மாட்டினேன், எல்லாம் திரும்பி வந்தன. யுஎஸ்பி வட்டுகளைச் சேர்த்து இனித் தொகுதி கட்ட மாட்டேன், சத்தியம்.

ஈப்போ இரவுப்பணி:
ரெய்டு 5, அதாவது ஒரு வட்டு செத்தால் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு மீட்கும் முறை, போட்டிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று யாராவது எழுதும் முன் நான் எழுதிவிடுகிறேன். ஓர் அலுவலகத்தில் 4 டிபி வட்டு நான்கைக் கொண்டு ரெய்டு 5 கட்டிக் கொடுத்தேன். ஒரு வட்டளவு மீட்புக் கணக்குக்குப் போக, கையில் கிடைப்பது 12 டிபி, ஒரு வட்டு செத்தால் தாங்கும். ஒன்று செத்தது, புதியதை மாட்டினேன். இழந்ததைக் கணக்கிட்டு எழுத, மிச்சம் மூன்று வட்டுகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். வருடக்கணக்கில் யாரும் தொடாத ஒரு மூலையில் இரண்டாவது வட்டு படுத்துவிட்டது.

அந்த மூலைகளை முன்கூட்டியே படித்துப் பார்க்கத்தான் மாதாந்திரச் சோதனை இருக்கிறது. அங்கே ஓடிய பழைய டெபியன் லினக்ஸில் அது மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 12.57க்கு ஓடும். ஆனால் அந்த அலுவலகத்தில் சனிக்கிழமை மதியமே கரண்டு பில்லுக்குப் பயந்து சர்வரை அணைத்துவிட்டு, திங்கட்கிழமைதான் போடுவார்களாம். சோதனை ஒருமுறைகூட ஓடவில்லை. எனக்கு இது தெரியவந்தது எல்லாம் போன பிறகுதான்.

பழைய கிராணி:
தம்பி படக்கடைக்கு. எல்லாம் ஒரே அடைவாக (ஃபோல்டராக) தெரிய வேண்டும் என்பதுதான் தேவை என்றால், வட்டுகளை அந்த அளவுக்குக் கரைத்துவிட வேண்டியதில்லை. நான் மெர்ஜர்எஃப்எஸ் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வட்டிலும் தனித்தனிக் கோப்பு முறைமை; பார்வைக்கு மட்டும் ஒன்று. ஒரு கோப்பு முழுதாக ஒரே வட்டில்தான் இருக்கும். ஒன்று செத்தால் அதிலிருப்பது போகும், மற்றதைக் கழற்றி எந்த லினக்ஸ் கணினியிலும் படிக்கலாம். கூடவே ஸ்னாப்ரெய்டு என்ற மீட்பு மென்பொருளை வைத்தால் செத்ததையும் மீட்கலாம். அதன் மீட்புக் கணக்குக்கென ஒதுக்கும் வட்டு மட்டும், மற்ற வட்டுகளில் எது பெரியதோ அதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். தினமும் மாறும் கணக்கு வழக்குக்கு இது சரிப்படாது. உங்கள் பேட்டிகளைப் போல வைத்தது வைத்தபடி இருப்பவற்றுக்குப் பொருந்தும்.

1987இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு (RAID) என்று பெயர் வைத்தபோது அந்த ஆங்கிலச் சுருக்கத்திலிருந்த 'ஐ' மலிவு விலையைக் குறித்தது. மலிவான வட்டு சாகும் என்பதை ஒப்புக்கொண்டுதான் கணக்கையே போட்டார்கள். நாம் அதை மறந்துவிட்டுச் சேர்க்கிறோம். அது சரி, வேறு நகல் எதுவும் இல்லையா?

சிப்புட் படக்கடை:
ஐயா, போன வாரமே நீங்கள் சொல்லும் முறைக்கு மாற்றிவிட்டேன். 500 ஜிபி வட்டு இப்போது ரசீதுகளுக்குப் பாரமாக மேசைமேல் இருக்கிறது. நகல் பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பேட்டியை எடுத்தபோது பாட்டியின் பேத்திக்கு ஒரு சிடி எழுதிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. கோலகங்சாரில் இருக்கிறார். கேட்டுவிட்டேன், அலமாரியில் இருக்கிறதாம். ஆனால் சிடி ஓட்டும் கருவி அவர் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறேன்.