சாட்ஸ்வொர்த்: ஒரு நாள்தான் இருக்கிறது, மாளிகையா தோட்டமா?

பாதசாரி:
மே மாதம் இங்கிலாந்து போகும்போது ஒரு நாள் டெர்பிஷயருக்கு ஒதுக்கி சாட்ஸ்வொர்த் பார்க்கலாம் என்று இருக்கிறோம். எனக்கு வரலாறு பிடிக்கும், கூட வரும் அம்மாவுக்குச் செடிகள் என்றால் உயிர், ஆனால் முட்டி வலி, ரொம்ப ஏற முடியாது. மாளிகை அறைகளிலேயே பாதி நாள் போய்விடும் என்கிறார்கள். எதை விடலாம், எதை விடவே கூடாது?

தோட்டக்கிறுக்கி:
அம்மா பக்கம்தான் நான். தோட்டம் 105 ஏக்கர், முழுக்கப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஜோசப் பாக்ஸ்டன் செய்தவற்றை மட்டும் தேடிப் பாருங்கள். 1826-ல், 22 வயதில் தலைமைத் தோட்டக்காரராக வந்தவர், விடியற்காலை நாலரைக்கு வந்து சேர்ந்து, மதில் ஏறிக் குதித்து, தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து ஆட்களை வேலைக்கு இறக்கிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் தன் வருங்கால மனைவியையும் பார்த்துவிட்டார்! ரஷ்யப் பேரரசர் வரப்போகிறார் என்று 1844-ல் அவர் கட்டியதுதான் எம்பரர் நீரூற்று. அதற்காகவே மேலே குன்றில் ஒரு ஏரி வெட்டினார்கள். பம்பு எதுவும் இல்லை, ஏரித் தண்ணீர் குழாயில் இறங்கி வரும் வேகத்திலேயே வானத்துக்குப் பீய்ச்சியடிக்கிறது. பேரரசர் கடைசிவரை இங்கே வரவே இல்லை.

அப்புறம், கடைகளில் விற்கும் கேவண்டிஷ் வாழைப்பழம் இருக்கிறதே, அந்தப் பெயர் இந்த மாளிகைக்குச் சொந்தக்காரரான டியூக்கின், அதாவது பிரபுவின், குடும்பப் பெயர்தான். 1830-களில் பாக்ஸ்டன் இங்கே ஒரு கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த வாழை அது.

பழையகோட்டை:
தோட்டக்கிறுக்கி சொல்வது சரி, ஆனால் உள்ளே போகாமல் மட்டும் வந்துவிடாதீர்கள். 1549-ல் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்ற சீமாட்டியும் அவர் கணவரும் வாங்கிய நிலம் இது, ஸ்காட்லாந்து அரசி மேரியைச் சில காலம் இங்கே சிறை வைத்திருந்தார்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடம் பெரும்பாலும் முதல் டியூக் 1687-லிருந்து கட்டியது. இசை அறையில் பாதி திறந்த கதவு ஒன்று இருக்கும், அதற்குப் பின்னால் உள்ள கதவில் ஒரு வயலின் தொங்கும். ஆணி, நாடா, நிழல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அத்தனையும் வெறும் ஓவியம்! தெரிந்துகொண்டே போனாலும் கண் ஏமாறுகிறது.

1950-ல் பத்தாவது டியூக் இறந்தபோது வந்த வாரிசு வரி 80 சதவீதம். அதை அடைக்க குடும்பத்தின் இன்னொரு மாளிகையான ஹார்ட்விக் ஹாலையே அரசுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் சாட்ஸ்வொர்த் அந்தக் குடும்பத்திடம் தங்கியது.

மலைச்சாரல்:
முட்டி வலிக்கு ஒரு யோசனை. காஸ்கேட் என்ற நீர்ப்படிக்கட்டின் உச்சிவரை ஏற வேண்டாம், கீழே புல்வெளியில் உட்கார்ந்தே பார்க்கலாம். தண்ணீர் ஓடுகிறதா என்று மட்டும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். யூ மரங்களாலான புதிர்வழியைத் தவறவிடாதீர்கள், பாக்ஸ்டனின் பிரம்மாண்டக் கண்ணாடிக் கூடம் நின்ற இடம் அதுதான். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்காமல் உள்ளே செடிகள் செத்துப்போய், 1920-ல் கூடத்தையே இடித்துவிட்டார்கள். எனக்கு அங்கே போனாலே மனசு கனக்கும்.

பாதசாரி:
எல்லாருக்கும் நன்றி. வாழைக் கதையைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, அந்த மரம் இன்னும் அங்கே இருக்கிறதா?

தோட்டக்கிறுக்கி:
அந்த வகை வாழையை இன்னமும் அங்கே வேறொரு கண்ணாடிக் கூடத்தில் வளர்க்கிறார்கள். நீங்கள் போகும் அன்று அது திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.