மறு: நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், நாலெட்ஜ் ஷேரிங் – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

> 'அறிவு மேலாண்மை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது. ஓர் அமைப்பு தனக்குத் தெரிந்ததைத் திரட்டி, காத்து, பகிர்வதைக் குறிக்கும் அந்தச் சொல் மேலாண்மைப் பாடநூலுக்குப் போதும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஐஎல்ஓ என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பைப் பற்றிய கையேட்டைத் தமிழாக்கும்போது அந்தச் சொல் இடறுகிறது, ஏனென்றால் அங்கே நாலெட்ஜ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு கிடக்கிறது.

ஒன்று, காகிதத்தில் ஏறியது. ஐஎல்ஓவின் ஓர் உடன்படிக்கையை ஏற்ற நாடு அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று ஜெனீவாவில் உள்ள ஐஎல்ஓ தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அடிப்படை உடன்படிக்கை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. அதன் நகல் முதலாளிகள், தொழிலாளர்கள் அமைப்புகளுக்கும் போகும், 'அரசு சொல்வது சரியில்லை' என்று அவர்கள் தனியாக எழுதலாம், 1926இல் ஏற்படுத்திய வல்லுநர் குழு எல்லாவற்றையும் படித்துக் கருத்துச் சொல்லும். அந்தக் கருத்துகளை இன்று ஐஎல்ஓவின் நார்ம்லெக்ஸ் இணையதளத்தில் யாரும் தேடிப் படிக்கலாம். நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவரும் வேலை இது.

இன்னொன்று, ஆளோடு இருப்பது. மோசமான குழந்தைத் தொழில் வடிவங்களை ஒழிக்கும் 182ஆம் உடன்படிக்கையை 2020இல் டோங்காவும் ஏற்றதோடு 187 உறுப்பு நாடுகளும் ஏற்றாயிற்று. சட்ட வாசகம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் ஜீப் சத்தம் கேட்டதும் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடும் பட்டறையில், சுவரோரம் கிடக்கும் சின்னச் செருப்புகளைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிடும் ஆய்வாளருக்குத் தெரிந்தது எந்த அறிக்கையில் ஏறும்? நன்கொடைப் பணம் தீர்ந்து குழந்தைத் தொழில் ஒழிப்புத் திட்டம் முடிந்ததும் அவர் வேறு வேலைக்குப் போவார், கூடவே அதுவும் போய்விடும். நாலெட்ஜ் ஷேரிங் என்று அங்கே கவலைப்படுவதில் பாதி இதைப் பற்றித்தான்.

இதற்கு 'பட்டறிவுப் பகிர்வு' என்று போடலாம் என்பது என் கட்சி.

> பட்டறிவு எக்ஸ்பீரியன்ஸ் அல்லவா?

அகராதியில் அப்படித்தான். ஆனால் பட்டது வேறு, பட்டு அறிந்தது வேறு. முன்னதற்கு 'அனுபவம்' இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

காகிதத்தில் ஏறியதற்குத்தான் சொல் சிக்கவில்லை. 'எழுத்தறிவு' வேறு வேலைக்குப் போய்விட்டது. 'ஏட்டறிவு' என்றால் கிண்டல் தொனிக்கிறது, ஏட்டுச் சுரைக்காய் ஞாபகம் வருகிறது, வல்லுநர் குழு உழைப்புக்கு அது அநியாயம். இப்போதைக்கு 'பதிவறிவு' என்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் முரடாகத்தான் இருக்கிறது, ஆனால் பயிற்சி வகுப்பில் ஒரு தொழிற்சங்கக்காரர் கேட்டவுடன் பொருள் பிடிபடும்.

பிரெஞ்சில் இதைப் பன்மையில் சொல்கிறார்களே, 'அறிவுகள்' ஆகாதா என்று கேட்டவருக்கு: வேண்டாம் ஐயா, நம் காதில் அது ஐந்தறிவு, ஆறறிவுக் கணக்காகிவிடும்.

சரி, இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'அறிவு மேலாண்மை' இருந்துவிட்டுப் போகட்டும். பதிவறிவுக்கு மாற்று இருந்தால் கையேடு அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள். பட்டறிவுக்குப் பதிலாக 'உள்ளுறை அறிவு' என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம், படிப்பவர் சங்கப் பாட்டுக்குப் போய்விடுவார்.