படிவம் நான்கு மகளை ஒரு வருஷம் ஜப்பானுக்கு அனுப்பலாமா? ரோட்டரி பரிமாற்றம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மாக் மண்டின் அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் பினாங்கு, பட்டர்வொர்த் பக்கம். வீட்டுக்காரருக்குப் பிறையில் ஷிப்ட் வேலை, நான் ஒரு கிளினிக்கில் கவுன்டரில் இருக்கிறேன். மூத்த மகள் படிவம் நான்கு, பள்ளி இன்டராக்ட் கிளப்பில், அதாவது ரோட்டரியின் மாணவர் கிளப்பில், செயலாளர். போன வாரம் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இங்குள்ள ரோட்டரி கிளப் ஒன்று ஒரு மாணவியை ஒரு வருஷப் பரிமாற்றத்தில் ஜப்பானுக்கு அனுப்ப யோசிக்கிறது, உங்கள் மகள் பெயரைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். அன்றிலிருந்து பிள்ளைக்குக் கால் தரையில் படவில்லை. எனக்குத் தூக்கம் இல்லை.

என் அண்ணன், "ஸ்காலர்ஷிப்தானே, எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க" என்கிறார். ஆசிரியை கொடுத்த தாளில் டிக்கெட் நாங்கள்தான் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எது சரி? படிவம் ஐந்தில் எழுத வேண்டிய எஸ்.பி.எம். தேர்வு என்ன ஆகும்? எங்கள் வீட்டில் மாடு சேர்ப்பதில்லை, செவ்வாய் வெள்ளி சைவம். மாமியார் வேறு, "முன்ன பின்ன தெரியாத வீட்டுல வயசுப் பிள்ளைய விடுறதா?" என்று தினமும் ஒரு பாட்டம் ஆரம்பிக்கிறார். பதிலுக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள். மூன்று அறை ஃபிளாட், இரண்டு மகள்கள், மாமியார். எங்கே வைப்பது? பின்னால் பல்கலைக்கழகச் செலவுக்கு இந்த கிளப்புகள் ஏதாவது செய்வார்களா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆயர் ஈத்தாம் தம்பி எழுதியது:

அக்கா, ரொம்ப நம்பிவிடாதீர்கள். என் தம்பிக்கு ஒரு சேவை கிளப் கல்வி நிதி கொடுத்தது. ஹோட்டல் மேடை, கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலை, வரிசையாக ஆறேழு அங்கிள்கள் பிடித்துக்கொண்டு சிரிக்க, மறுநாள் பேப்பரில் படம். உண்மையான பணம் வந்து சேர்ந்தது அவன் அடுத்த செமஸ்டரில் பாதி முடித்த பிறகு. அதுவும் ஹாஸ்டலுக்கே பத்தவில்லை. படம் மட்டும் எங்கள் அம்மா இன்னும் வைத்திருக்கிறார்.


குளுகோர் பொண்ணு எழுதியது:

அக்கா, நான் போய் வந்தவள். நீகாதா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், ரோட்டரி பரிமாற்றத்தில்தான். இப்போது பாயான் லெப்பாஸில் தரக்கட்டுப்பாட்டு வேலை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் காசு. தாளில் இருப்பதுதான் சரி, அண்ணன் சொல்வது இல்லை. போக வர டிக்கெட், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட், விசா, கைச்செலவு, பரிமாற்றப் பிள்ளைகள் பின்களைக் குத்திப் போட்டுக்கொள்ளும் கோட்டு, இதெல்லாம் நம் கணக்கு. போய் இறங்கிய பிறகு வீடு, சாப்பாடு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அவர்கள் கணக்கு. மாதம் ஒரு சின்னத் தொகை பிள்ளையின் கையிலும் கொடுப்பார்கள். என் அப்பா டாக்சி ஓட்டியவர், சீட்டுப் பணம் எடுத்துத்தான் டிக்கெட் போட்டார். இன்சூரன்ஸை மட்டும் இப்போதே விசாரித்துவிடுங்கள். ஏற்கும் பக்கம் தனக்கு வேண்டிய திட்டத்தைச் சொல்லும், நாம் மலிவாக எதையாவது எடுத்துக்கொண்டு போக முடியாது.

தம்பி சொல்கிற அட்டைக் காசோலை நானும் பார்த்ததுதான். ஆனால் பரிமாற்றத்தில் கிளப் கொடுப்பது பணம் இல்லை, ஆட்கள். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த அம்மா கஞ்சி வைப்பார் என்பதுதான் கேள்வி. அதனால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்பதை விட, யார் வீட்டில் இருப்பாள், அந்த வீட்டை யார் போய்ப் பார்த்தார்கள் என்பதை அழுத்திக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விருந்தோம்பும் குடும்பத்தை நேரில் போய்ப் பார்ப்பது, பெரியவர்களின் குற்றப் பதிவைச் சரிபார்ப்பது எல்லாம் ரோட்டரியின் விதியிலேயே இருக்கிறது. ஒரே வீட்டிலும் வருஷம் முழுக்க வைக்க மாட்டார்கள், சில மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறும். அந்தக் குடும்பங்களைச் சேராத ஒருவர் ஆலோசகராக இருப்பார். எனக்கு ஒரு பல் டாக்டர். வீட்டில் மனஸ்தாபம் என்றால் அவரிடம் சொல்லலாம், அவர் மனைவியிடம் அழலாம். இரண்டும் நடந்தது.

மாமியாருக்கு ஒன்று சொல்லுங்கள். அங்கே வண்டி ஓட்டக்கூடாது, மது கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது. மீறினால் டிக்கெட்டைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் பாட்டி இதைக் கேட்டதும், "நம்ம வீட்ட விட கண்டிப்பா இருக்கே" என்று வாயை மூடிக்கொண்டார்.

சாப்பாடு. இதில்தான் ஏமாறுவோம். பார்த்தால் வெறும் தோஃபுவும் கீரையும் மிதக்கிற சூப், சைவம் என்று நினைப்போம். அதன் அடித் தண்ணீரே காய்ந்த சூரை மீனில் எடுத்தது, நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். அவித்த காய்கறியிலும் அது உண்டு, நூடல்ஸ் குழம்பிலும் உண்டு. கடையில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு இருப்பது சகஜம், கோழிக்கறி என்று கிண்டி வைத்தாலும் சரி. விண்ணப்பத்தில் "எதுவும் சாப்பிடுவேன்" என்று எழுதினால் வாய்ப்பு அதிகம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். மாடு கூடாது, மாட்டுக் கொழுப்பும் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். நான் போன வீடுகளில் பாக்கெட்டைத் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள். செவ்வாய் வெள்ளி சைவம் மட்டும் நடக்காது அக்கா. சோறு, முட்டைச் சுருள், ஊறுகாய் என்று நான் கொஞ்ச நாள் ஓட்டினேன், அப்புறம் மீன் தண்ணீரோடு சமாதானம் ஆகிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு அது ஒத்துவருமா என்பதைப் பிள்ளை கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அங்கே போன பிறகு போனில் சண்டை போடக்கூடாது.

குளியலும் சொல்லி அனுப்ப வேண்டிய விஷயம். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் குளித்து முடித்த பிறகுதான் சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதே தண்ணீரில்தான் வீட்டில் எல்லாரும் இறங்குவார்கள். விருந்தாளி என்று முதல் முறை உங்கள் மகளுக்கே கிடைக்கும், வெளியே வரும்போது அடைப்பைப் பிடுங்கிவிடக் கூடாது. நீகாதாவில் பனி கூரையை அமுக்கும் அளவுக்குக் கொட்டும். காலையில் மண்வாரியோடு வாசலுக்கு வழி வெட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போவோம். அந்தக் குளிருக்கு, வீட்டு அப்பா இறங்குவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தத் தொட்டி சொர்க்கம்.

மொழி முதல் இரண்டு மாதம் ஒன்றுமே பிடிபடாது. வகுப்பில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருப்பாள். வேலைக்காரர் இல்லாமல் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் துடைப்பார்கள், அந்த நேரத்தில்தான் எனக்குத் தோழிகள் கிடைத்தார்கள். துடைப்பத்துக்கு மொழி தேவையில்லை. மாதம் ஒரு தடவை கிளப்பின் மதிய உணவுக் கூட்டத்தில் எழுந்து நின்று ஜப்பானிய மொழியில் பேசிவிட்டு, அந்தச் செலவுப் பணத்தை உறையில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாரும் தாத்தாக்கள். எழுதி மனப்பாடம் செய்து ஒப்பித்தேன், தப்பாகச் சொன்னாலும் கைதட்டுவார்கள். இன்று வேலையில் ஜப்பானிய வாடிக்கையாளர் வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுகிறார்கள், காரணம் அந்தத் தாத்தாக்கள்.

கடைசியாக, பிள்ளை வைத்துக்கொள்வது. எங்களுடையதும் ஃபிளாட்தான். தனி அறை இல்லாவிட்டாலும் தனிக் கட்டில் போதும் என்றார்கள். வந்தவள் ஜப்பானியப் பெண், தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டாள், வைத்தால் மரியாதை இல்லை என்று வளர்த்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவுக்குத் தட்டு காலியானால் கை சும்மா இருக்காது, அள்ளிப் போடுவார். அவள் முடிப்பாள், அம்மா போடுவார். நான் அப்போது நீகாதாவில். தங்கை போனில் சொல்லித்தான் தெரியும், ஒரு வாரம் அந்தப் பிள்ளை கண்ணில் நீரோடு சாப்பிட்டிருக்கிறாள். சம்பாலில் போட்ட நெத்திலியை மட்டும் கேட்டு வாங்குவாள். இடம் இல்லை என்று பயந்தால் கிளப்பிடம் இப்போதே சொல்லுங்கள், சில மாதம் மட்டும் நாங்கள், மீதிக்கு வேறு வீடு என்று பேசலாம். கடைசி நேரத்தில் கையை விரித்தால் அங்கே உங்கள் மகளுக்குத்தான் சங்கடம்.


புக்கிட் மெர்தாஜம் வாத்தியார் எழுதியது:

அம்மா, மேலே எழுதிய பெண் எஸ்.பி.எம்.மைத் தொடவில்லை. அங்கே படிக்கும் வருஷம் இங்கே கணக்கில் வராது. திரும்பி வந்து, தன்னை விட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத வேண்டும். வருஷம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கூடுதல் கணிதம் எடுக்கும் பிள்ளை என்றால் கை விட்டுப்போகும். இடம் திரும்பக் கிடைக்குமா என்பதைத் தலைமையாசிரியரிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். அவர் மாற்றலாகிப் போனால் புதியவருக்கு ஒன்றும் தெரியாது.

எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் போனால் என்ன என்றும் கேட்டுப்பாருங்கள். ரோட்டரி பரிமாற்றத்துக்குப் பொதுவாக 15 முதல் 19 வயது வரை, ஆனால் ஏற்கும் பக்கம் குறைத்தும் வைக்கலாம். லயன்ஸ் கிளப்புகளுக்கும் இளைஞர் முகாம், பரிமாற்றம் உண்டு, 15 முதல் 22 வயது வரை. அது சில வாரங்கள்தான், பள்ளிப் படிப்பு இல்லை, விடுமுறையில் முடிந்துவிடும். மாமியாரின் மனசு பழக முதலில் அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.


செந்தூல்காரன் எழுதியது:

பல்கலைக்கழகச் செலவு பற்றி யாரும் பேசவில்லை. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்தில் பெரிய உதவித்தொகை உண்டு, குறைந்தது 30,000 அமெரிக்க டாலர். அது முதுகலைக்கும் அதற்கு மேலும், வேறு நாட்டில் படிப்பவர்களுக்கு. நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, கிளப், ரோட்டரி மாவட்டம் வழியாகத்தான். ஆகவே "எஸ்.பி.எம். மாணவர்களுக்கு ரோட்டரி முழு ஸ்காலர்ஷிப், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று வாட்சப்பில் வந்தால் அழித்துவிடுங்கள்.

மகளுக்கு ஜப்பான் பிடித்துப்போய் அங்கேயே பட்டம் படிக்க ஆசைப்பட்டால், யோனெயாமா உதவித்தொகையை நினைவில் வையுங்கள். 1920-இல் டோக்கியோ ரோட்டரியைத் தொடங்கிய உமெகிச்சி யோனெயாமா பெயரில், ஜப்பானிய ரோட்டரிக்காரர்கள் தங்கள் பணத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தருவது. பொதுவாக அங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் அதற்குப் போக முடியும். அதிலும் ஒரு கிளப்பும் ஓர் ஆலோசகரும் உண்டு, மாதம் ஒரு முறை கூட்டத்துக்குப் போக வேண்டும். மேலே தங்கச்சி சொன்ன தாத்தாக்கள் கதைதான்.

உள்ளூரில் படிப்பதானால் கிளப்பை விட வேறு கதவுகள் பெரியவை. பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தைக் கேளுங்கள். உங்கள் மாமியாரோ அவர் கணவரோ தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் என்றால் பழைய தகரப் பெட்டியைக் கிளறுங்கள். தோட்டத் தொழிலாளர்களுக்காக 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் கிடக்கலாம். உறுப்பினர் பிள்ளைகளுக்கு அவர்கள் கல்வி நிதி தருகிறார்கள். பேரப்பிள்ளைக்கு எப்படி என்பதை சங்கத்தின் அலுவலகமான விஸ்மா துன் சம்பந்தனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.


மாக் மண்டின் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாமியார் நிபோங் திபாலில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். பெட்டியைக் கேட்டேன், "அதெல்லாம் ஒன்னும் இல்ல" என்றார், அப்புறம் அவரே உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்கிறார். நான்கு தடைகளையும் வாசித்துக் காட்டினேன். இப்போது அவருடைய கேள்வி, வரப்போகும் பிள்ளைக்கும் அதே சட்டமா என்பதுதான்.

பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் நேர்காணல், பெற்றோரும் வர வேண்டுமாம். வீட்டுக்காரருக்கு அன்று மாலை ஷிப்ட். நான் மட்டும் போனால் போதாதா?


குளுகோர் பொண்ணு எழுதியது:

வரும் பிள்ளைக்கும் அதே சட்டம்தான், பாட்டியிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரரை எப்படியாவது ஷிப்ட் மாற்றச் சொல்லுங்கள் அக்கா. இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள், அப்பாவைப் பார்க்காமல் எங்களுக்கு முடிவு சொல்லவில்லை. மாடு விஷயத்தையும் கட்டில் விஷயத்தையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டு இங்கே போடுங்கள், என் காலத்து விலை இப்போது உதவாது.